மெனோபாஸ்: உள்ளே ஊட்டம், வெளியே ஈரம்

குளித்துத் துவட்டிய கையோடு முழங்காலுக்குக் கீழே ஒருமுறை பாருங்கள். நகத்தால் லேசாக வருடினால் வெள்ளைக் கோடு விழுகிறதா? எனக்கு 47 வயதில் அப்படித்தான் தொடங்கியது. குளிர்கால வறட்சி என்று விட்டுவிட்டேன். குளிர் போன பிறகும் கோடு போகவில்லை. பல வருடமாக ஒத்துக்கொண்ட அதே சோப்பு, குளித்த பத்தாவது நிமிடமே முகத்தை இழுத்துப் பிடித்தது. சோப்பை மாற்றினேன், கிரீமை மாற்றினேன். மாறியது உடம்புக்குள் என்று புரிய இரண்டு வருடம் ஆனது. யாராவது அப்போதே உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் ஏங்கிய விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மெனோபாஸ் என்பது எது?

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால், கடைசியாக வந்த அந்த மாதவிடாயோடு மெனோபாஸ் ஆகிவிட்டது என்று கணக்கு. ஆக, அது நடந்து முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் நமக்கே தெரியவரும். பெரும்பாலோருக்கு 45 முதல் 55 வயதுக்குள் இது நடக்கிறது. 40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டால் இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. மருத்துவரைப் பார்த்துக் காரணம் தெரிந்துகொள்ள வேண்டும். அறுவை சிகிச்சையில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தவர்களுக்கு எந்த வயதானாலும் சட்டென்று மெனோபாஸ் வந்துவிடும். அவர்களுக்கு நான் கீழே சொல்வதெல்லாம் இன்னும் வேகமாக, இன்னும் கடுமையாக நடக்கும்.

உண்மையில் பாடுபடுத்துவது அதற்கு முந்தைய சில வருடங்கள்தான். மாதவிடாய் தள்ளிப்போகும், திடீரென்று அதிகமாகப் போகும், ஒரு மாதம் வராமலே போகும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஒரே சீராக இறங்குவதில்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் அடங்குகிறது. நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குப்பென்று சூடு ஏறி வியர்த்துக் கொட்டுவது, பாதி ராத்திரியில் விழிப்பு, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் இந்த ஏற்ற இறக்கத்தின் வேலை. அமெரிக்காவில் 1996இல் தொடங்கி ஆயிரக்கணக்கான பெண்களை வருடக் கணக்கில் பின்தொடர்ந்த ‘ஸ்வான்’ ஆய்வில், அடிக்கடி இந்த உடல்சூடு வந்து அவதிப்பட்டவர்களுக்கு அது நீடித்த காலத்தின் இடைநிலை அளவு 7.4 வருடம், அதாவது பாதிப் பேருக்கு அதற்கும் மேல், என்று தெரியவந்தது. ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பவர்கள் இந்த எண்ணைத் தெரிந்துகொள்வது நல்லது. நீண்ட பயணத்துக்குத் தகுந்த மாதிரி மூட்டை கட்டலாம்.

தோலுக்கும் எலும்புக்கும் என்ன உறவு?

ஈஸ்ட்ரோஜனைக் கருப்பையோடு மட்டும் முடிச்சுப் போட்டுப் பார்க்கிறோம். தோலிலும் எலும்பிலும் இரத்தக் குழாயிலும் மூளையிலும் அதற்கு வேலை உண்டு. தோலில் அது கொலாஜன் என்ற நாரை உற்பத்தி செய்யத் தூண்டுகிறது. தோலின் எண்ணெய்ப் பசையையும், உயிரணுக்களுக்கு நடுவே சிமென்ட் போல நின்று ஈரத்தைக் காக்கும் செராமைடு கொழுப்புகளையும் காப்பதிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. அது விலகியதும் மூன்றும் குறைகின்றன. மெனோபாஸுக்குப் பிந்தைய முதல் 5 வருடங்களில் தோலின் கொலாஜனில் ஏறத்தாழ 30 விழுக்காடு போய்விடுகிறது. அதன் பிறகு வருடத்துக்குச் சுமார் 2 விழுக்காடு. ‘ரெண்டு வருஷத்துல மூஞ்சியே மாறிப்போச்சு’ என்று தோழிகள் சொல்வது வெறும் மனக்கவலை இல்லை. வயதானதால் மட்டும் வந்த மாற்றம் இத்தனை வேகமாக வராது.

எலும்பு என்றாலே கால்சியம் என்று நினைக்கிறோம். ஆனால் எலும்பின் சட்டகமும் அதே கொலாஜன்தான்; அந்த நார்ப் பின்னலின் மேல்தான் கால்சியம் படிகிறது. எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களைக் கட்டுக்குள் வைத்திருந்ததும் ஈஸ்ட்ரோஜன். அது போனதும் கட்டுவதைவிடக் கரைப்பது அதிகமாகிறது. மெனோபாஸை ஒட்டிய 5 முதல் 7 வருடங்களில் சில பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி 20 விழுக்காடு வரை குறையலாம். வலி இருக்காது. கை ஊன்றி விழுந்து மணிக்கட்டு உடையும் நாளில்தான் பலருக்கு விஷயமே தெரியவருகிறது.

முகத்தில் தெரியும் மாற்றத்தைக் கண்ணாடி காட்டிவிடும். எலும்பில் நடப்பதைக் காட்ட வீட்டில் கண்ணாடி இல்லை. அதனால் முகத்துக்கு கிரீம் தேடும் அன்றே தட்டையும் மாற்றிவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

தட்டில் முதல் இடம் புரதத்துக்கு

நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களின் சாப்பாட்டை நெருங்கிப் பார்த்தால், வயிறு நிறைய மாவுச்சத்து இருக்கும், புரதம் ஓரமாகக் கொஞ்சம் இருக்கும். ‘இந்த வயசுல என்ன பெருசா சாப்பிடணும்’ என்று தனக்கான முட்டையைப் பிள்ளைக்கு வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தசை கரையத் தொடங்கும் வயது இது. தோலும் தசையும் எலும்பின் சட்டகமும் புரதத்தால் ஆனவை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்ற அளவு இந்த வயதுக்குப் பொருத்தமானது. 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம்.

எண்ணிப் பார்த்தால்தான் எவ்வளவு குறைகிறது என்பது தெரியும். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கோப்பைப் பாலில் 8 கிராம். கெட்டியாக வேகவைத்த பருப்பு ஒரு கோப்பையில் 18 கிராம் வரை. தண்ணீராகக் கரைத்து ஊற்றிக்கொண்டால் இதில் கால்வாசிகூட வராது. ஒருநாள் முழுக்கச் சாப்பிட்டதைத் தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். நான் கூட்டியபோது 38 வந்தது. ஒரே வேளையில் கொட்டிக்கொள்ளாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்வது நல்லது; காலைச் சாப்பாட்டில்தான் பெரும்பாலும் ஓட்டை இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

சாப்பிட்ட புரதம் தசையாக மாற உடம்புக்கு வேலை கொடுக்க வேண்டும். நடை இதயத்துக்கு நல்லது. தசைக்கும் எலும்புக்கும் எடை தூக்கும் பயிற்சி வேண்டும். வாரம் இரண்டு நாள் போதும்.

கால்சியமும் அதன் கூட்டாளிகளும்

50 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு நாளுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஒரு கோப்பைப் பாலிலோ தயிரிலோ சுமார் 300 கிடைக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முள்ளோடு மென்று தின்னும் சிறு மீன், தோல் நீக்காத எள், கால்சியம் சேர்த்து உறைய வைத்த சோயா பனீர், பாதாம் என்று வழிகள் உண்டு.

கீரை விஷயத்தில் ஒரு நுணுக்கம். பசலைக் கீரையில் கால்சியம் நிறைய இருப்பதாகப் பட்டியல்கள் காட்டும். ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் அந்தக் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும்; உடம்புக்குச் சேருவது சுமார் 5 விழுக்காடுதான். பாலில் 30 விழுக்காடு அளவுக்குச் சேரும். முட்டைக்கோஸ், புரோக்கோலி, முருங்கைக்காய் போன்றவற்றில் ஆக்சலேட் தொல்லை குறைவு. பசலையை ஒதுக்கச் சொல்லவில்லை. அதில் வேறு சத்துகள் இருக்கின்றன. கால்சியக் கணக்கில் மட்டும் அதை நம்பாதீர்கள்.

மாத்திரை தேவைப்பட்டால் ஒரே தடவையில் 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் குடல் வாங்கிக்கொள்வது குறையும். கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு, சிட்ரேட் என்றால் எப்போது வேண்டுமானாலும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் விட வேண்டும். இதை யாரும் எடுத்துச் சொல்லாததால், தைராய்டு மருந்தைச் சரியாகச் சாப்பிட்டும் பரிசோதனையில் அளவு சரியாகாமல் தவிப்பவர்கள் உண்டு. கால்சியம் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போக வைட்டமின் டி வேண்டும். 70 வயது வரை நாளுக்கு 600 யூனிட், அதன் பிறகு 800. உணவில் மட்டும் இது கிடைப்பது அரிது என்பதால், இரத்தத்தில் பார்த்துவிட்டு மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரும்புச்சத்துக் கதை நேர்மாறானது. மாதாமாதம் இரத்தம் போன காலத்தில் நாளுக்கு 18 மில்லிகிராம் தேவைப்பட்டது. நின்ற பிறகு 8 போதும். பழக்கத்தில் இரும்பு மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே இருப்பவர்கள் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளலாம். ஆனால் நிற்பதற்கு முந்தைய வருடங்களில் அதிகமாகப் போகிறவர்களுக்கு இரும்பு வற்றிப்போயிருக்கும். முடி கொட்டுவதற்கும் ஓயாத களைப்புக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

மெனோபாஸை ஒட்டிக் கெட்ட கொழுப்பு ஏறுகிறது; அதுவரை ஈஸ்ட்ரோஜன் இதயத்துக்குத் தந்த அரவணைப்பும் விலகுகிறது. முழுத் தானியம், பயறு, காய்கறி, கொட்டைகள், மீன் பக்கம் சாய்ந்து, பொரித்ததையும் இனிப்பையும் குறைப்பது இதயத்துக்காக. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள்.

சோயா, காபி, கொலாஜன் பொடி

சோயாவில் ஐசோஃபிளேவோன் என்ற பொருள் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் உட்காரும் இடத்தில் இது லேசாக உட்காரும். குடலில் குறிப்பிட்ட பாக்டீரியாக்கள் இருப்பவர்கள் இதை ‘ஈகுவால்’ என்ற வீரியமுள்ள பொருளாக மாற்றிக்கொள்கிறார்கள். மற்றவர்களுக்கு அப்படி ஆவதில்லை. ஒருத்திக்குச் சூடு தணிந்தது, இன்னொருத்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு இது ஒரு காரணம். உணவாகச் சாப்பிடுங்கள், நல்ல புரதமும் கிடைக்கும். செறிவூட்டிய மாத்திரையாக எடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

உடல்சூட்டைக் கிளப்புவது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குக் காரம், சிலருக்குக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் காபி, சிலருக்கு மது. எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட்டு வெறுத்துப்போவதைவிட, சூடு வந்த நேரத்தையும் அதற்கு முன் சாப்பிட்டதையும் இரண்டு வாரம் குறித்து வையுங்கள். உங்கள் எதிரி யார் என்று உங்கள் தாளே சொல்லும்.

கொலாஜன் பொடியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். குடித்த கொலாஜன் அப்படியே போய் முகத்தில் உட்காராது. வயிறு அதை அமினோ அமிலங்களாகவும் சின்னச் சின்னத் துணுக்குகளாகவும் உடைத்துவிடும். தோலின் ஈரம் கொஞ்சம் கூடியதாகச் சொல்லும் சிறிய ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் பல அதை விற்கும் நிறுவனங்களின் பணத்தில் நடந்தவை. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், நான் முட்டையும் பருப்பும் சன்ஸ்கிரீனும் வாங்குவேன்.

சருமத்துக்கு முதல் உதவி: குறைவாகச் செய்வது

தோல் மெலிந்து, எண்ணெய் வற்றி, ஈரம் ஒழுகும் நிலையில் இருக்கிறது. இருபத்தைந்து வயதில் முகப்பருவுக்காகப் பழகிய தேய்ப்பும் உரிப்பும் இப்போது காயப்படுத்தும். ஆரோக்கியமான தோலின் அமிலத்தன்மை ஏறத்தாழ பிஎச் 5. வழக்கமான சோப்புக் கட்டி 9 முதல் 10, அதாவது காரத்தன்மை கொண்டது. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அந்தச் சிமென்ட் கொழுப்பும் சேர்ந்து கழுவப்படுகிறது. எனவே முதல் மாற்றம் சோப்பில்: வாசனை சேர்க்காத, நுரை குறைவாக வரும் மென்மையான க்ளென்சர். உடம்பு முழுக்கத் தேவையில்லை. அக்குள், இடுப்பு மடிப்பு, பாதம் போதும். கைகால்களுக்கு வெறும் தண்ணீரே போதும். தண்ணீரும் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

குளித்து வந்ததும் தேய்த்துத் துடைக்காமல் துண்டால் ஒற்றி எடுங்கள். தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசர் தடவுங்கள். டப்பாவின் பின்பக்கத்தில் கிளிசரின், செராமைடு, ஹையலுரானிக் அமிலம் இவற்றில் ஒன்றிரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பாத வெடிப்புக்கும் முழங்கைக்கும் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியே போதும். உள்ளேயிருந்து ஆவியாகும் நீரை அதைப் போல் தடுத்து நிறுத்தும் பொருள் மிகக் குறைவு. நான் தடவும் நேரத்தை மாற்றியதோடு சரி, மூன்றே வாரத்தில் முழங்காலுக்குக் கீழே அந்த வெள்ளைக் கோடு மறைந்தது. கிரீம் பழைய கிரீம்தான்.

காலையில் சன்ஸ்கிரீன். மிச்சமிருக்கும் கொலாஜனைச் சிதைப்பதில் வெயிலின் புறஊதாக் கதிருக்கு முதலிடம். அதில் ஒரு வகை ஜன்னல் கண்ணாடி வழியாகவும் உள்ளே வரும். சன்ஸ்கிரீன் டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண் 30 என்றால் சிவக்க வைக்கும் கதிர்களில் 97 விழுக்காட்டைத் தடுக்கும், 50 என்றால் 98. எண்ணைக் கூட்டுவதைவிட அளவைக் கூட்டுவதுதான் பலன். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பலர் மொச்சை அளவு எடுத்து முகம் முழுக்க இழுத்துவிட்டு, பயனில்லை என்கிறார்கள். வெளியில் இருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் தடவ வேண்டும். புறங்கையை மறந்துவிடாதீர்கள்.

மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் பழகி, எரிச்சல் எதுவும் இல்லாமல் ஒரு மாதம் போன பிறகு, விருப்பம் இருந்தால் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாய்டு. கொலாஜனைத் திரும்ப உற்பத்தி செய்யத் தூண்டுவதில் பூசும் மருந்துகளில் அதிகம் நிரூபிக்கப்பட்டது இது. மருந்துச் சீட்டோடு வாங்குவது டிரெட்டினாயின், அதைவிட மென்மையானது ரெட்டினால். இரவில், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு, வாரம் இரண்டு நாளில் தொடங்குங்கள். எரிந்தால் அடியில் ஒரு பூச்சு மாய்ஸ்சரைசர் தடவி அதன்மேல் போடுங்கள். பலன் தெரிய மூன்று நான்கு மாதம் ஆகும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: மாதவிடாய் தள்ளித்தள்ளி வரும் காலத்தில் கருத்தரிக்க இன்னும் வாய்ப்பு உண்டு. கர்ப்பத்தில் ரெட்டினாய்டு கூடாது.

இந்த வயதில் தாடையோரம் பரு வருவதும், முகவாயில் கருமுடி முளைப்பதும் இயல்பு. ஈஸ்ட்ரோஜன் இறங்கியதால் உடம்பில் எப்போதும் கொஞ்சம் இருந்த ஆண் ஹார்மோனின் கை ஓங்குகிறது. நூலால் எடுப்பதோ வெட்டுவதோ தவறில்லை. மளமளவென்று முடி முளைத்து, குரலும் கனத்தால் மட்டும் பரிசோதனை வேண்டும்.

முகம் வெளுக்கும் என்று விற்கப்படும் பெயர் தெரியாத கிரீம்களைத் தொடாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருக்கிறது. ஸ்டீராய்டின் வேலையே தோலை மெலியச் செய்வது. ஏற்கெனவே மெலிந்த தோலில் அது இரத்த நாளங்கள் வெளியே தெரியும் அளவுக்குக் கொண்டுபோய் விடும்.

யாரும் பேசாத இடத்துத் தோல்

முகத்துக்கு நூறு குறிப்பு கிடைக்கும். பிறப்புறுப்பின் தோலைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. ஈஸ்ட்ரோஜனை நம்பியிருக்கும் இடங்களில் முதன்மையானது அது. வறண்டு, மெலிந்து, நடக்கும்போது உரசி எரியும், தாம்பத்தியத்தில் வலிக்கும், சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும். உடல்சூடு என்றாவது தணியும். இது தானாகத் தணியாது, விட்டால் கூடிக்கொண்டே போகும். எத்தனையோ பெண்கள் இதைச் சுத்தக்குறைவு என்று நினைத்து வாசனைத் திரவத்தால் கழுவிக் கழுவி இன்னும் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவுங்கள், உள்ளே எதுவும் வேண்டாம். பருத்தி உள்ளாடை. இதற்கென்றே மருந்துக்கடையில் மாய்ஸ்சரைசர் இருக்கிறது, வாரம் இரண்டு மூன்று முறை பயன்படுத்தலாம். அது போதாவிட்டால், மருத்துவர் எழுதித் தரும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமோ, பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் மாத்திரையோ அந்த இடத்திலேயே வேலை செய்யும். இரத்தத்தில் கலப்பது மிகமிகக் குறைவு. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள் தங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவெடுக்க வேண்டும். மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினால், ‘கீழே வறட்சியும் எரிச்சலும் இருக்கு, மாதவிடாய் நின்னு இத்தனை மாசம் ஆச்சு’ என்று ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். அந்த ஒரு வரியே அவர்களுக்குப் போதும்.

முழு உடம்புக்கான ஹார்மோன் சிகிச்சை தனிப் பேச்சு. அதைச் சருமத்துக்காக மட்டும் எடுப்பதில்லை. ஆனால் உடல்சூடு தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்கு இருந்தால், 60 வயதுக்குள், மெனோபாஸ் ஆகி 10 வருடத்துக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெண்களில் பலருக்கு அது நல்ல வழி. பயந்து கேட்காமலே இருந்துவிடாதீர்கள்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

ஓயாத அரிப்போ வறட்சியோ கிரீமுக்கு அடங்காவிட்டால் தைராய்டும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். புதிதாக முளைத்த மச்சம், உருவமோ நிறமோ மாறும் மச்சம், ஆறாத புண் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். லேசாக விழுந்தே எலும்பு முறிந்தால் அடர்த்திப் பரிசோதனை வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒரு வருடம் நின்ற பிறகு மீண்டும் இரத்தம் வருவது. ஒரு துளியானாலும், வலியே இல்லாவிட்டாலும், அந்த வாரத்திலேயே போய்க் காட்டுங்கள். பெரும்பாலும் பிறப்புறுப்பின் தோல் மெலிந்ததால் வரும் சாதாரணக் கசிவாகத்தான் இருக்கும். ஆனால் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் முதலில் தலைகாட்டுவதும் இப்படித்தான். அந்த முதல் கசிவிலேயே கண்டுபிடித்துவிட்டால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.